64 வயதில் கைக்கு வந்த மவுஸ்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் யாருக்காக வாங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "பசங்க படிப்புக்கு" என்ற பதில்தான் வரும். அந்தக் கம்ப்யூட்டரைத் தினமும் துடைத்து, துணி போட்டு மூடி, தூசு படாமல் காக்கும் அம்மாவோ பாட்டியோ அதை இயக்குவார்கள் என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை. இந்தக் கட்டுரை அப்படி ஒருவரைப் பற்றியது. திருவண்ணாமலையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். வயது 64. கணவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்று, பிறகு காலமானவர். குடும்ப ஓய்வூதியம் வருகிறது. மகன் கோயம்புத்தூரில் இருந்து தன்னுடைய பழைய டெஸ்க்டாப்பை அனுப்பி வைத்திருந்தார். நான் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

நான் பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டில் இருந்தே வேலை செய்யும் சாஃப்ட்வேர் என்ஜினியர். 2025 மே மாதம் பெரியம்மா வந்து, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் குடு தம்பி, எனக்கு இண்டர்நெட் கத்துக்கணும்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "என் கணக்கை நானே பாக்கணும், அதுக்குத்தான்" என்றார். வீடியோ பார்ப்பது, மகனுடன் பேசுவது எல்லாம் செல்போனிலேயே அவருக்குத் தெரியும். அவர் கேட்டது வேறு.

எலி சொன்னபடி கேட்கவில்லை

பெரியம்மா 1979-ல் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர். எனவே கீபோர்டு அவருக்குப் பயமாக இல்லை. விரல்கள் தானாகவே சரியான இடத்தில் போய் உட்கார்ந்தன. தகராறு செய்தது மவுஸ்தான். டபுள் கிளிக் செய்யும்போது கை லேசாக நகர்ந்துவிடும். ஐகான் திறக்காமல் வேறு இடத்துக்குப் போய்விடும். "என்னா தம்பி இது, எலி நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்குது" என்பார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இந்தச் சிரமம் இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. கண்ட்ரோல் பேனலில் மவுஸ் என்ற பிரிவைத் திறந்தால், டபுள் கிளிக் வேகத்தைக் குறைக்கும் ஸ்லைடர் கிடைக்கும். அதை இடது பக்கம் நகர்த்தி வைத்திடவும். இல்லையென்றால் டபுள் கிளிக்கையே மறந்துவிடலாம். ஐகான் மேல் ஒரே ஒரு கிளிக் செய்து, பிறகு என்டர் தட்டினாலும் போதும். பெரியம்மா இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டார். எழுத்து சிறியதாக இருக்கிறது என்றபோது, பிரவுசரில் கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி பிளஸ் கீயைத் தட்டக் காட்டினேன். அன்று முதல் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் அவர் செய்யும் முதல் காரியம் அதுதான்.

மவுஸ் பழக நான் தந்த பயிற்சி சாலிட்டேர் சீட்டாட்டம். மைக்ரோசாஃப்ட் 1990-ல் விண்டோஸ் 3.0 உடன் தந்த விளையாட்டு அது. ஒரு பொருளைப் பிடித்து இழுத்து வேறிடத்தில் விடுவதை, பாடம் என்று தெரியாமலே கை கற்றுக்கொள்ளும். மூன்றாவது வாரம் என்னைவிட வேகமாக ஆடினார்.

தமிழில் டைப் செய்வதற்கு தமிழ்99 முறையைப் பழக்கினேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட கீபோர்டு அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடது கைக்கும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைக்கும் வரும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுகள் போதும். புள்ளியைக் கம்ப்யூட்டரே வைத்துவிடும். பழைய டைப்ரைட்டர் பழக்கம் குறுக்கே வந்ததால் முதலில் எரிச்சல்பட்டார். புள்ளி தானாக விழுவதைப் பார்த்ததும், "இது அப்பவே இருந்திருந்தா ஹையரும் பாஸ் பண்ணியிருப்பேன்" என்றார்.

நடுவில் ஒரு குறிப்பு. உங்களுக்கும் இப்படிப் பழைய கம்ப்யூட்டர் வந்திருந்தால் அதில் எந்த விண்டோஸ் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் முடித்துக்கொண்டது. பணப் பரிமாற்றம் செய்யும் கம்ப்யூட்டரில் இதை அலட்சியப்படுத்த வேண்டாம்.

அடுத்தவர் நோட்டில் என் பாஸ்வேர்டு

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பெரியம்மாவுக்கு ஏற்கெனவே ஓர் இ-மெயில் முகவரி இருந்தது. ஆனால் அவர் அதை ஒரு முறைகூடத் திறந்து பார்த்ததில்லை! சில வருடங்களுக்கு முன் ஏதோ விண்ணப்பத்துக்காக ஒரு பிரவுசிங் சென்டரில் உருவாக்கித் தந்தார்களாம். பாஸ்வேர்டு அந்தக் கடைக்காரரின் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. கணக்கை மீட்பதற்கான செல்போன் எண்ணும் கடைக்காரருடையதே. அதாவது பெரியம்மாவின் பெயரில் இருந்த கணக்கின் சாவி வேறொருவர் கையில் இருந்தது. கடைக்காரர் கெட்டவர் இல்லை. கேட்டதும் நோட்டைப் புரட்டிக் காட்டிவிட்டார். அந்தப் பக்கத்தில் மட்டும் இருபது முப்பது பேரின் பாஸ்வேர்டுகள் இருந்தன.

அந்த ஞாயிறு முழுவதும் இதற்கே போனது. கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்பு என்ற பகுதிக்குள் சென்று, முதலில் மீட்பு எண்ணை மாற்றினோம். பிறகு பாஸ்வேர்டை மாற்றினோம். அதன் பின் 'உங்கள் சாதனங்கள்' என்ற பட்டியலில் அறிமுகம் இல்லாத கம்ப்யூட்டர்களை எல்லாம் வெளியேற்றினோம். நீங்களும் இதே வரிசையில் செய்திடவும். மீட்பு எண் பழையவரிடமே இருந்தால், பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அவரால் திரும்ப உள்ளே வர முடியும்.

வேலை முடிந்ததும் பெரியம்மா சொன்னதை அப்படியே தருகிறேன். "முன்னே தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதுறவர் இருப்பார். வீட்டுச் சண்டை, சொத்து, கடன் எல்லாம் அவருக்குத் தெரியும். இப்ப அவர் போயிட்டார்னு நெனச்சோம். போகலை தம்பி. அந்த இடத்துல கம்ப்யூட்டர் கடைக்காரர் உக்காந்திருக்கார். வீட்ல பேரன் உக்காந்திருக்கான்."

நான் படித்த பாடப் புத்தகம் எதிலும் இப்படி ஒரு விளக்கம் இல்லை. எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டால் இடைத்தரகர்கள் ஒழிந்துவிடுவார்கள் என்றுதான் எங்களைப் போன்றவர்கள் சொல்லி வருகிறோம். மவுஸ் பிடிக்கத் தெரிந்தவருக்கு அது உண்மை. தெரியாதவருக்கு இடைத்தரகர் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். பழையவரிடம் மனுவை மட்டும் கொடுத்தார்கள். புதியவரிடம் ஆதார், ஓ.டி.பி., பாஸ்வேர்டு என்று எல்லாவற்றையும் கொடுக்கிறார்கள்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. செங்கம் சாலையில் ரமணாசிரமம் பக்கம் பிரவுசிங் சென்டர்கள் வரிசையாக இருந்த காலம், நான் பள்ளியில் படித்த காலம். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர்கள். அவர்கள் தங்கள் வீட்டுக்கு மெயில் அனுப்புவார்கள். வெளியே பூ விற்பவருக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் வேலை இருந்ததில்லை. இண்டர்நெட் எங்கள் ஊருக்குச் சீக்கிரமே வந்தது. ஆனால் ஊர்க்காரர்களுக்காக வரவில்லை.

அரசும் எதுவும் செய்யாமல் இல்லை. கிராமப்புற மக்களுக்கு டிஜிட்டல் பயிற்சி தரும் பி.எம்.ஜி. திஷா திட்டம் 2017-ல் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்தது. 6 கோடி பேர் என்ற இலக்கைத் தாண்டி 6.39 கோடி பேருக்குப் பயிற்சி தரப்பட்டது. பெரிய சாதனைதான். ஆனால் அதில் சேர வயது 14 முதல் 60 வரை. பெரியம்மா போன்றவர்களுக்கு இடம் இல்லை. டிஜிட்டல் உலகம் அதிகம் மிரட்டுவது 60-ஐத் தாண்டியவர்களைத்தான் என்பது என் கருத்து. கேரளாவில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சி வேறு விதமாகச் செய்தது. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கும், குடும்பஸ்ரீ பெண்கள் கூடும் இடத்துக்கும் தன்னார்வலர்கள் போனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் அது முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. பாட்டிகள் வகுப்புக்கு வரவில்லை, வகுப்புதான் பாட்டிகளிடம் போனது.

முகவரியின் வால் எங்கே?

மோசடி பற்றிச் சொல்லாமல் பெரியவர்களுக்கு இண்டர்நெட் கற்றுத் தரக் கூடாது. பெரியம்மாவுக்கு நான் சொன்ன விதிகள் மூன்றே. முதலாவது, வெப்சைட் முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் வாலைப் பார்க்க வேண்டும். மத்திய, மாநில அரசு வெப்சைட்டுகள் பெரும்பாலும் 'கவ் டாட் இன்' அல்லது 'நிக் டாட் இன்' என்று முடியும். நடுவில் 'கவ் டாட் இன்' என்று வந்து, கடைசியில் 'டாட் காம்' என்றோ வேறு எப்படியோ முடிந்தால் அது அரசு வெப்சைட் இல்லை. இரண்டாவது, யு.பி.ஐ.-யில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பணம் வரும், பின் போடுங்கள் என்று யார் சொன்னாலும் உங்கள் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். மூன்றாவது, வீடியோ காலில் போலீஸ் யாரையும் கைது செய்யாது. டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

இந்த எண்ணைப் பெரியம்மா காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.

நவம்பர் மாத வரிசை

மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் லைஃப் சர்டிபிகேட் தர வேண்டும். தான் உயிரோடு இருப்பதைத் தானே போய்ச் சொல்லும் சடங்கு. இதை ஆன்லைனில் செய்யும் 'ஜீவன் பிரமாண்' வசதி 2014 நவம்பரில் வந்தது. ஆனால் அதற்குப் பெரும்பாலும் கைரேகைதான் பதிய வேண்டியிருந்தது. வருடக்கணக்கில் பாத்திரம் தேய்த்த விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? பெரியம்மாவின் விரலை மெஷின் ஏற்றுக்கொள்ளவே இல்லை. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டிச் செய்யும் முறை அறிமுகமானது. அதற்கு ஆண்ட்ராய்டு போனில் 'ஆதார் ஃபேஸ் ஆர்.டி.', 'ஜீவன் பிரமாண்' என்ற இரண்டு செயலிகள் வேண்டும். இயக்குபவர் தன் ஆதார் எண், செல்போன் எண், இ-மெயில் கொடுத்து முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இ-மெயிலை மீட்டது இங்கேதான் கைகொடுத்தது. பிறகு ஓய்வூதியரின் விவரங்கள், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண். கடைசியில் கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும்.

நடுவில் மறுமணம் செய்துகொண்டீர்களா என்றும் ஒரு கேள்வி வரும். பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "வருஷா வருஷம் கேக்கறாங்களே, மாப்பிள்ளையையும் அவங்களே பாத்துக் குடுக்கலாமில்ல?"

பதிவு முடிந்ததும் பிரமாண் எண் எஸ்.எம்.எஸ்.சில் வந்தது. அந்த எண்ணை ஜீவன் பிரமாண் வெப்சைட்டில் கொடுத்து, ஓ.டி.பி. போட்டு, சர்டிபிகேட்டை டெஸ்க்டாப்பில் அவரே டவுன்லோட் செய்தார். நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு கையைக் கட்டியபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அடுத்த நாளும் அவர் வங்கிக்குப் போனார். எதற்கு என்று கேட்டேன். நவம்பரில்தான் கணவருடன் வேலை பார்த்தவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் ஒரே இடத்தில் கூடுவார்களாம். யார் இருக்கிறார்கள், யார் இல்லை, யார் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று அந்த வரிசையில்தான் தெரியவரும். "எல்லாரும் வீட்லருந்தே கண்ணைச் சிமிட்டிட்டா அப்புறம் யாரை எங்க பாக்கறது?"

இந்தக் கேள்வி வந்ததும் புதுச்சேரி பக்கத்துக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் தொடங்கிய அறிவு மையங்கள் நினைவுக்கு வந்தன. வீராம்பட்டினத்தில் மையத்தை நடத்தியவர்கள் அலையின் உயரம் பற்றிய தகவலை அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டில் இருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் ஒன்றுதான். கேட்டதோ ஊர் முழுவதும். எம்பலத்தில் மையம் கோயில் இடத்திலேயே இயங்கியது, நடத்தியவர்கள் பெண்கள். ஆளுக்கொரு போன் வந்த பிறகு அப்படி ஒரே இடத்தில் கூட வேண்டிய அவசியம் போய்விட்டது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்கள் ஒரு வரிசையை ஒழிக்கும் செயலியை எழுதும்போது, அந்த வரிசையில் நின்றவர்கள் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டதே இல்லை.

அன்று வங்கித் திண்ணையில் தன் போனிலேயே மூன்று பேருக்குப் பெரியம்மா சர்டிபிகேட் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இயக்குபவராக ஒருமுறை பதிந்துகொண்டவர் மற்றவர்களுக்கும் செய்யலாம். ஓ.டி.பி. வந்தபோது, "அதை நீயே பாத்து நீயே போடு, என்கிட்ட சொல்லாதே" என்று ஒவ்வொருவரிடமும் போனைக் கொடுத்துவிட்டாராம். நான்காவதாக வந்தவர் கண் ஆபரேஷன் முடிந்து கருப்புக் கண்ணாடியுடன் இருந்தார். கேமரா அவரை ஏற்கவில்லை. அவர் கவுண்டரில் காகிதப் படிவத்தையே பூர்த்தி செய்து கொடுத்தார். அந்த வழியும் இருக்கிறது. வங்கிக்கு வரவே முடியாதவர்களுக்காகத் தபால்காரர் வீட்டுக்கே வந்து இதைச் செய்யும் சேவையும் 2020-ல் தொடங்கப்பட்டது.

இப்போது ஞாயிறு வகுப்புக்குப் பெரியம்மாவுடன் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். பௌர்ணமி அன்று மட்டும் விடுமுறை. 14 கிலோமீட்டர் கிரிவலம் போய்விடுவார்கள், அன்று இங்கே நெட்டும் நகராது. புதியவர்களுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லித் தருவது நான் இல்லை. பெரியம்மா சாலிட்டேரைத் திறந்து வைத்துக்கொண்டு, "டபுள் கிளிக்கெல்லாம் வேணாம், ஒரு தட்டு, அப்புறம் என்டர்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.