நலமடைந்த பின்னும் நீங்காத நோய்

"தாளிப்பு கருகுதேம்மா, தெரியலையா?" என்று என் அன்னையை நான் கேட்டது 2021ஆம் ஆண்டு மே மாதத்தில். பத்தாம் வகுப்பைத் தேர்வெழுதாமலே நான் கடந்துவிட்ட ஆண்டு அது. அடுப்பின் முன்னேயே நின்றிருந்தும் அவருக்கு அந்த நெடி எட்டவில்லை. இரண்டு நாள் காய்ச்சலையும் உடல்வலியையும் தையல் வேலையின் களைப்பு என்று எண்ணியிருந்தோம். கொரோனா எங்கள் வீட்டிற்குள் வந்துவிட்டதை உணர்த்தியது கருகிய கடுகுதான்.

விலங்கியல் பயிலும் நான், அன்று புரியாதவற்றை இன்று ஓரளவு அறிவேன். இந்த நச்சுயிரியின் மேலுள்ள முட்கள், நம் உயிரணுக்களில் உள்ள ஏசிஇ-2 என்னும் ஏற்பியைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகின்றன. மணத்தை அறியும் நரம்பணுக்களில் அந்த ஏற்பி இல்லை. அவற்றிற்குத் துணைநிற்கும் உயிரணுக்களில்தான் உள்ளது. பந்தற்கால் சாய்ந்தால் கொடியும் தரையில் விழுவதைப் போன்றது இது எனலாம்.

தொற்றிய 2 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல், வறட்டு இருமல், தொண்டைவலி, தலைவலி, சோர்வு ஆகியன தோன்றும். சிலருக்கு வயிற்றுப்போக்கும் உண்டு. 2021இன் இறுதியில் ஒமிக்ரான் பரவிய பிறகு மூக்கொழுகலும் தொண்டைவலியும் மிகுந்தன. முகர்வு இழப்பு குறைந்தது. அஞ்சத்தக்கது மூச்சுத்திணறலே. மூச்சு வாங்காமலே குருதியில் உயிர்வளி குறைவதும் உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94க்குக் கீழே காட்டினால் மருத்துவமனைக்கு விரைக என்று அந்நாளில் ஊரெங்கும் கூறினர். என் அன்னைக்கு அந்நிலை வரவில்லை. மறு பரிசோதனையில் தொற்று இல்லை என்று தாளில் எழுதி வந்தது. நாங்களும் நிம்மதி அடைந்தோம்.

உண்மையில் நோயின் நெடும்பகுதி அதன் பிறகே தொடங்கியது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மறுநாள் முழுவதும் படுக்கை. நெஞ்சு படபடக்கும். அளவெடுத்த துணியின் கணக்கு அரைமணியில் மறந்துபோகும். "மனசுல தைரியம் வேணும்" என்றனர் வந்தவர்கள். அவர்களை மட்டும் குறைகூறி என்ன பயன்? "டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சேம்மா, இன்னும் ஏன் படுத்தே கிடக்குற?" என்று நானே கேட்டேன். அவர் பதில் பேசாமல் எழுந்து போய்த் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்தார். அதன் பலனாக மூன்று நாட்கள் எழவேயில்லை.

இதற்கு 'நெடுங்கோவிட்' என்று பெயர். இப்பெயரைச் சூட்டியவர் மருத்துவர் அல்லர் என்பது நம்மைப் போன்ற கலைக் கல்லூரியினர் அறியத்தக்க செய்தி. தானே நோயுற்றிருந்த எலிசா பெரெகோ என்ற இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர் 2020 மே மாதத்தில் அச்சொல்லைப் பயன்படுத்தினார். நோயாளிகள் அதனைப் பரப்பினர். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில்தான் இதற்கு இலக்கணம் வகுத்தது: தொற்று தொடங்கி 3 மாதங்களுக்குள் தென்பட்டு, குறைந்தது 2 மாதங்கள் நீடித்து, வேறு நோயால் விளக்க இயலாத துன்பங்கள்.

உடலில் எஞ்சிய நச்சுயிரித் துணுக்குகள், நிலைகுலைந்த நோயெதிர்ப்பு, நுண்ணிய குருதிக்கட்டிகள் எனக் காரணங்கள் பல ஆராயப்படுகின்றன. இதனைக் கண்டறியத் தனிப் பரிசோதனை ஏதும் இல்லை. துன்புறுபவரின் சொல்லை நம்பவேண்டியிருப்பது அதனால்தான். உழைத்தபின் நலிவு மிகும் இத்தகையோரை 'நடந்தால் சரியாகும்' என்று விரட்டுவது தீங்கு. களைப்பு வருமுன்பே ஓய்வெடுக்கும்படி வேலையைப் பகுத்துக்கொள்வதே தக்கது. தடுப்பூசி இந்நிலை வரும் வாய்ப்பைக் குறைக்கிறது.

முகர்விற்கு ஒரு பயிற்சி உண்டு. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் ஆகியவற்றை நாள்தோறும் இருவேளை, மாதக்கணக்கில் முகர்ந்து வரவேண்டும். அன்னைக்கு நான்கு டப்பாக்களை அடுக்கி வைத்தேன். கிராம்புதான் முதலில் திரும்பியது. காப்பி மட்டும் நெடுநாள் எரிந்த ரப்பராகவே நாறியது. தையலில் பாதியளவு மீண்டிருக்கிறார். இன்றும் குடம் தூக்குவது நான்தான்.