செல்போன் ஸ்டார்ட்டரில் தொடர்பு அறுபடுதல்: காரணமும் பரிகாரமும்

விருதுநகர் ஜில்லா மழை குறைந்த பிரதேசம். கிணற்றுப் பாசனத்தை நம்பியுள்ள குடியானவர் பலர், இரவில் மும்முனை மின்சாரம் வரும் நாட்களில் இருட்டில் வரப்பின்மேல் நடந்து செல்லும் அபாயத்தை நீக்கும்பொருட்டு, செல்போன் மூலம் மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டரை அமைத்துக்கொண்டிருக்கின்றனர். வேளாண் பொறியியல் துறையாரும் இதற்கு மானியம் அளித்து வந்துள்ளனர்.

இச்சாதனத்தினுள் ஒரு சிறு கணிப்பொறியும், செல்போன் கோபுரத்தோடு தொடர்புகொள்ளும் மோடம் என்னும் உறுப்பும் உள்ளன. மோடத்தின் தொடர்பு அறுபட்டால் உடனே பெட்டியைக் கழற்றிக் கடைக்கு அனுப்புதல் வீண் செலவாகும். பயிரும் அதுவரை வாடும். முதலில், தொடர்பு எந்த வேளையில் அறுபடுகிறதென்பதைச் சில நாட்கள் ஒரு நோட்டில் குறித்து வருதல் வேண்டும். காரணம் பெரும்பாலும் அக்குறிப்பிலேயே விளங்கும்.

(1) மோட்டார் ஓடத் தொடங்கும்போது அறுபடுதல்: மோட்டார் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைப்போல் பல மடங்கு மின்சாரத்தை இழுப்பதால், கம்பியின் கடைசியிலுள்ள கிணறுகளில் வோல்டேஜ் தாழ்ந்துவிடும். 2ஜி மோடமோ செய்தி அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை கேட்கும். அப்போது அதற்குக் கிடைக்கும் வோல்டேஜ் ஏறக்குறைய 3.4க்குக் கீழே இறங்கினால் மோடம் அணைந்துவிடும். பெட்டியிலுள்ள பேட்டரி பழுதாயிருப்பின் மாற்றுக. தளர்ந்த இணைப்புகளை முறுக்கச் செய்க. ஆண்டெனா ஒயரை மோட்டார் ஒயர்களோடு சேர்த்துக் கட்டலாகாது.

(2) மின்சாரம் நின்றவுடன் அறுபடுதல்: அதே கம்பெனியின் சிம் உள்ள அண்டை வீட்டார் செல்போன்களும் அவ்வேளையில் பேசாவிடில், குறை கோபுரத்தின் மாற்று மின்சார ஏற்பாட்டில் இருக்கலாம். அவை பேசுமாயின் நம் பேட்டரியையே சந்தேகித்தல் வேண்டும். மின்சாரம் திரும்பி வந்ததும் மோடம் கோபுரத்தைத் தேடிப் பதிவு செய்துகொள்ளச் சற்று நேரமாகும். இரண்டு மூன்று நிமிஷம் பொறுத்து அழைத்தல் நலம்.

(3) எந்நேரமும் விட்டுவிட்டு அறுபடுதல்: இது சிக்னல் குறைவு. இரும்புப் பெட்டி அலையைத் தடுக்குமாதலால் ஆண்டெனா பெட்டிக்கு வெளியே, மோட்டார் அறையின் உயரமான இடத்தில், நிமிர்ந்து நிற்கவேண்டும். அதன் திருகு இணைப்பில் மழைநீர் புகுந்து துரு ஏறாமல் காத்தல் அவசியம். சிக்னலின் பலத்தை மோடம் 0 முதல் 31 வரையுள்ள எண்ணால் காட்டும். 10க்குக் கீழே இருந்தால் இடத்தை மாற்றிப் பார்க்கவும். 99 என்று வந்தால் அளவு கிடைக்கவில்லை என்பது பொருள்.

(4) ஒரு நாள் அடியோடு நின்றுபோதல்: சிம்மின் ரீசார்ஜ் தவணை முடிந்திருக்கலாம். 2ஜி மோடத்துக்கு 2ஜி சேவையுள்ள கம்பெனியின் சிம்மே உதவும். 2016இல் 4ஜி சேவையோடு தொடங்கிய ஜியோவுக்கு 2ஜி கிடையாது. அதன் சிம் இம்மோடத்தில் வேலை செய்யாது. சந்தேகம் தீர, சிம்மைச் சாதாரணச் செல்போனில் இட்டு, 2ஜி மட்டும் என்று அமைத்து, மோட்டார் அறையிலிருந்தே பேசிப் பார்க்கவும்.

எச்சரிக்கை: மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸைப் பிடுங்கிய பின்னரே பெட்டியைத் திறக்கவேண்டும். உள்வேலை எலக்ட்ரீஷியனுக்கே உரியது.

தொடர்பு அறுந்தால் மோட்டார் தானாக நின்றுவிடுமென்று எண்ணலாகாது. பல சாதனங்களில் அது ஓடிக்கொண்டே இருக்கும். கிணறு வற்றியபின் வெறுமனே ஓடிக் காயில் கருகும். ஆதலால் நீரின்றி ஓடுவதைத் தடுக்கும் அமைப்பையும் ஓட்ட நேர வரம்பையும் முன்னதாகவே வைத்துக்கொள்ளவேண்டும். சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலைகளில் வேலை செய்வோர்க்கு இது மிகவும் முக்கியம். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகத் தடையுள்ளமையால், உள்ளே சென்றபின் மோட்டாரை நிறுத்த வழியில்லை.

ஒரு கிராமத்தில் பலருடைய நோட்டிலும் ஒரே நாளும் மணியும் காணப்படின், குறை சாதனத்தில் இல்லை, கோபுரத்தில் என்பது தெளிவு. கிராம அதிகாரிகள் அக்குறிப்புகளைத் தொகுத்து, நாள், மணி, சர்வே எண் ஆகியவற்றோடு கம்பெனிக்கு ஒரே மனுவாக அனுப்பச் செய்தால், தனித்தனி முறையீடுகளைவிட அதிகப் பயன் விளையும்.