லினக்ஸும் உள்ளக மொடெமும்

பிள்ளைகளுக்குக் கணினி வாங்கப் போகும் பெற்றோர் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கி விலை கேட்பார்கள். எத்தனை ஜிபி, எத்தனை ரூபா, எத்தனை மாத உத்தரவாதம் என்பதெல்லாம் விசாரிக்கப்படும். அதில் ஏற்றித் தரப்படும் விண்டோஸுக்குப் பணம் கட்டப்பட்டதா என்று கேட்பவர்கள் குறைவு. பல வீடுகளில் அது பிரதி செய்யப்பட்ட இறுவட்டிலிருந்து ஏற்றப்பட்டதாகவே இருக்கும்.

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, நூலாசிரியர்களுக்கும் கண்டுபிடிப்பாளர்களுக்கும் தம் ஆக்கங்களில் உள்ள உரிமை ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டது, அதில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணினி நிகழ்ச்சித்திட்டங்களைப் பாதுகாக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பழைய மடிக்கணினி ஒன்று வந்தபோது, சட்டமோ தீர்மானமோ அறியாமலே உம்மா சொன்னார்: "காசு குடுக்காத சாமான் நமக்கு வேணாம் மகள்."

விண்டோஸைப் பணம் கொடுத்து வாங்க வசதியில்லை. மிஞ்சியது லினக்ஸ். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இந்த இயங்குதளத்தை எவரும் இலவசமாகப் பிரதி எடுக்கலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம். உபுண்டு என்னும் லினக்ஸ் இறுவட்டைக் கேட்டு எழுதினால் 2011 வரை தபாலிலேயே இலவசமாக அனுப்பினார்கள். "சும்மா கிடைப்பது உருப்படியாக இருக்குமா?" என்று பெற்றோர் சந்தேகப்படலாம். 2004 சுனாமிக்குப் பிறகு காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணம் பற்றிய விபரங்களைத் திரட்ட நமது நாட்டவர்களே எழுதிய 'சஹானா' இதே திறந்த மூல வகையைச் சேர்ந்ததுதான்.

உபுண்டுவை ஏற்றினோம். திரை, ஒலி, அச்சுப்பொறி எல்லாம் கேட்காமலே வேலை செய்தன. தொலைபேசி வயரைச் செருகும் மொடெம் மட்டும் வாய் திறக்கவில்லை. வாப்பா இருப்பது கட்டாரில்; அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவதென்றாலும் காலி வீதி நெட் கஃபேக்குத்தான் போக வேண்டும். மஃரிபுக்குப் பிறகு அங்கே போக எங்கள் வீட்டில் அனுமதியில்லை.

மொடெம் என்பது என்ன? தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளை மட்டுமே அது கொண்டு செல்லும். கணினியின் பூச்சியங்களையும் ஒன்றுகளையும் அந்த எல்லைக்குள் அடங்கும் ஒலியாக மாற்றுவதும், மறுமுனையிலிருந்து வரும் ஒலியைத் திரும்ப இலக்கங்களாக மாற்றுவதும் மொடெமின் வேலை. இணைப்பு ஏற்படும்போது கேட்கும் கீச்சொலியும் இரைச்சலும் இரண்டு மொடெம்கள் வேகம் பேசிக்கொள்ளும் சத்தமே.

மேசையில் வைக்கும் பழைய வெளி மொடெம்களில் இந்தக் கணக்கையெல்லாம் செய்ய உள்ளேயே தனிச் சில்லு இருக்கும். சீரியல் துளையில் செருகினால் லினக்ஸ் அதை உடனே அடையாளம் காணும். மடிக்கணினிகளில் செலவையும் இடத்தையும் மிச்சப்படுத்த அந்தச் சில்லை எடுத்துவிட்டார்கள். கணினியின் மூளையே மொடெமின் வேலையையும் மென்பொருள் மூலம் செய்கிறது. அந்த மென்பொருளை விண்டோஸுக்கு மட்டும் எழுதி, அதன் இரகசியத்தை வெளியிடாமல் வைத்துக்கொண்டதால் இவற்றுக்கு 'வின்மொடெம்' என்றே பெயர். எனவே மொடெம் பழுதில்லை. அதை இயக்கும் டிரைவர்தான் இல்லை.

முதலில் சில்லு எந்த வகை என்று அறிய வேண்டும். மடிக்கணினியின் வெளியே ஒட்டியிருக்கும் பெயர் இதற்கு உதவாது. 'ஸ்கேன்மொடெம்' என்ற சிறு நிரலை ஓடவிட்டால் விபரத்தை ஒரு கோப்பில் எழுதித் தரும். கொனெக்ஸன்ட் சில்லு என்றால் லினக்ஸன்ட் நிறுவனத்தின் டிரைவர் வேண்டும். அதன் இலவசப் பதிப்பு 14.4 கிலோபிட் வேகத்துக்கு மேல் போகாது. லூசென்ட், அகீர் சில்லுகளுக்கு வேறு டிரைவர்கள் உண்டு. எங்களுடையது இன்டெல் ஏசி97 வகை. அதற்கு 'ஸ்மார்ட்லிங்க்' மொடெம் நிரல் பொருந்தும்.

இணையத்துக்குப் போக டிரைவர் வேண்டும், டிரைவரை எடுக்க இணையம் வேண்டும். பகல் நேரத்தில் நெட் கஃபேயில் இறக்கி, பென் டிரைவில் கொண்டு வருவதே வழி. இந்த நிரலை 'அல்ஸா' என்ற சொல்லைச் சேர்த்து இயக்க வேண்டும். அல்ஸா என்பது லினக்ஸின் ஒலிச் சாதனங்களுக்குரிய பகுதி. மொடெமும் ஒலியைத்தானே அனுப்புகிறது! அதை ஒரு சவுண்ட் கார்ட் போலவே லினக்ஸ் நடத்துவது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

அடுத்தது 'வீவ்டயல்'. இதன் அமைப்புக் கோப்பில் இணையச் சேவை வழங்குநரின் தொலைபேசி இலக்கம், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் எழுத வேண்டும். இன்னும் இரண்டு வரிகள் இல்லாவிட்டால் எவ்வளவு முயன்றாலும் இணைப்பு நிலைக்காமல் போகலாம். ஒன்று, 'கெரியர் செக்' என்பதற்கு நேரே 'நோ' என்று எழுதுவது. மென்பொருள் மொடெம் கெரியர் நிலையைச் சரியாக அறிவிக்காததால், வீவ்டயல் இணைப்பு அறுந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. மற்றது, தொடக்கக் கட்டளையில் 'ஏடிஎக்ஸ்3' சேர்ப்பது. டயல் தொனி நாட்டுக்கு நாடு வேறுபடும். நமது தொனியை அடையாளம் காணாத மொடெம் 'தொனி இல்லை' என்று சொல்லி நின்றுவிடும். தொனிக்குக் காத்திராமல் இலக்கத்தைச் சுழற்று என்பதே இந்தக் கட்டளையின் பொருள்.

இவற்றைச் செய்தபின் எங்கள் மொடெம் பேசியது. வாப்பாவுக்கு மடல் போயிற்று. பதில் மறுநாள் வந்தது.

வேகத்தைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 56 கிலோபிட் முழுதாகக் கிடைத்தாலும் ஒரு நொடிக்கு 7 கிலோபைட்தான். ஒரு மெகாபைட் புகைப்படத்துக்கு இரண்டரை நிமிடம், 14.4 வேகத்தில் என்றால் ஒன்பது நிமிடத்துக்கும் மேல். 700 மெகாபைட் இறுவட்டு ஒன்றை இறக்க ஒரு நாளுக்கு மேலாகும் என்பதால்தான் அதைத் தபாலில் எடுப்பது அப்போது புத்தியாக இருந்தது. தொலைபேசிக் கட்டணமும் நிமிடக் கணக்கில் ஏறும். ஆகவே மடல்களை இணைப்பு இல்லாதபோதே எழுதி வைத்து, இணைத்தவுடன் அனுப்பி, வந்தவற்றை இறக்கிக்கொண்டு துண்டித்துவிடுகிறோம். அந்த நேரத்தில் வீட்டுக்கு வேறு அழைப்பு வராது என்பதால், மாமிமார் கோல் எடுக்கும் இஷாவுக்குப் பிந்திய அரை மணி நேரம் மொடெமுக்கு ஓய்வு.