வீட்டிலிருந்தே வெப் டிசைன்: நேரம் எங்கே போகிறது?

நமது சங்கத்தின் பொங்கல் விழாவில், பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் ஓர் அன்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஸார், பையன் கம்பெனி வேலையை விட்டுட்டான். வீட்டிலேயே உட்கார்ந்து வெப்சைட் பண்ணித் தர்றேங்கிறான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட் எரியுது. கையில காசுதான் தங்க மாட்டேங்குது. நீங்களும் இதே தொழில்தானே, என்ன சங்கதி?" என்றார். ஈரக் கையோடு நின்று சொல்லி முடிக்கிற விஷயமா இது? எழுதித் தருகிறேன் என்றேன். இதழாசிரியரும் பக்கத்தில் நின்றிருந்ததால் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று.

நான் 2010-இல் அந்தேரியில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு, டோம்பிவ்லியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேஜையும் கம்ப்யூட்டரும் போட்டுத் தனியாகத் தொழில் ஆரம்பித்தேன். முதல் இரண்டு வருடம் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தும் பழைய சம்பளத்தை எட்டவில்லை. மூன்றாம் வருடம், மறுபடி வேலை தேடலாமா என்ற யோசனை வந்தபோது, ஒரு மாதம் முழுவதும் அரை மணிக்கு ஒரு முறை என்ன செய்தேன் என்று நோட்டில் குறித்துவந்தேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், உண்மையில் டிசைன் செய்ததும் கோட் எழுதியதும் பாதிக்கும் குறைவு. மீதி எல்லாம் போன், வாடிக்கையாளர் தரவேண்டிய விவரங்களுக்காகக் காத்திருந்தது, முடிந்ததை மறுபடி திருத்தியது, பாக்கிப் பணத்துக்கு நடையாய் நடந்தது. நான் சோம்பேறி இல்லை என்பது தெரிந்து மனம் கொஞ்சம் ஆறியது. ஆனால் பணம் எங்கே ஒழுகுகிறது என்பதும் தெரிந்துபோயிற்று.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கல்யாண சமையல் காண்ட்ராக்டர் ஒருவருக்கு எட்டுப் பக்கத் தளம், பதினைந்தாயிரம் ரூபாய் என்று வாய்ப்பேச்சில் முடித்து ஐயாயிரம் முன்பணம் வாங்கினேன். ஒன்பது நாளில் வடிவம் தயார். ஆனால் மெனுவும் வரவில்லை, போட்டோவும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவருடைய மாப்பிள்ளை புனேயிலிருந்து வந்து, நிறம் சரியில்லை என்றார். மாற்றினேன். பிறகு மகள் பார்த்து, பழைய நிறமே தேவலை என்றாள். ஏழு மாதம் இப்படி ஓடியது. பாக்கி பத்தாயிரத்தில் நாலாயிரத்தைக் கழித்துக்கொண்டு கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. எத்தனை முறை திருத்தலாம், யார் சொல்வது முடிவு, விவரங்களை எந்தத் தேதிக்குள் தரவேண்டும் என்று நான்தான் எதையும் எழுதி வாங்கவில்லை.

அதன் பிறகு ஒரே ஒரு தாளில் ஒப்பந்தம் வைத்துக்கொண்டேன். வக்கீல் பாஷை தேவையில்லை. எத்தனை பக்கம், எந்தெந்த வசதி, இரண்டு சுற்றுத் திருத்தம் மட்டும் விலையில் அடக்கம், மூன்றாவது சுற்றிலிருந்து மணிக்கணக்கில் கூலி. சம்மதம் சொல்ல ஒருவர் மட்டுமே, அவர் பெயர் தாளில் இருக்கும். முப்பது நாள் பதிலே இல்லையென்றால் வேலை நிறுத்தி வைக்கப்படும். திரும்பத் தொடங்கத் தனிக் கட்டணம். பணத்தில் பாதி முன்பணம், வடிவம் ஒப்புக்கொண்டதும் முப்பது சதவீதம், தளம் ஊருக்குத் திறக்கப்படும் முன் மீதி இருபது. கடைசித் தவணையைத் திறந்த பிறகு கேட்டால் கதை கந்தல்தான்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கைகொடுத்தது, எழுத்து விவரமும் படங்களும் கைக்கு வராமல் டிசைனைத் தொடுவதில்லை என்ற விதி. வெறும் பெட்டிகளை வரைந்து காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டு, பிறகு நிஜமான வாசகங்கள் வந்து விழுந்தால் எல்லாமே பிதுங்கும், மறுபடி முதலிலிருந்துதான். நம்மவர்களுக்குத் தமிழில் தளம் செய்யும்போது இன்னொரு தலைவலியும் உண்டு. அழைப்பிதழ் அடித்த அச்சகத்திலிருந்து பாமினி போன்ற பழைய ஃபான்டில் வாசகங்கள் வரும். தளத்தில் ஒட்டினால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்துத் தருவதும் ஒரு வேலைதான் என்று கோட்டேஷனில் தனி வரியாகப் போடுங்கள். தாய்மொழிப் பாசத்தில் இலவசமாகச் செய்து நான் இழந்த ஞாயிற்றுக்கிழமைகள் பல.

இனி விலை. பிள்ளைகள் பெரும்பாலும் அடுத்தவன் என்ன வாங்குகிறான் என்று பார்த்துச் சொல்கிறார்கள். இப்படிக் கணக்குப் போடுங்கள். வீட்டுச் செலவுக்கு மாதம் 50,000 ரூபாய், அதாவது வருடத்துக்கு 6 லட்சம். கம்ப்யூட்டர் தேய்மானம், இன்டர்நெட், சாஃப்ட்வேர், மருத்துவக் காப்பீடு என 1,20,000. ஆகமொத்தம் 7,20,000. வருடத்தின் 365 நாளில் ஞாயிறு 52, ஊருக்குப் போய்வர 15, பண்டிகை, காய்ச்சல் வகையில் 18 கழித்தால் 280 நாள். நாளுக்கு எட்டு மணி வீதம் 2,240 மணி. இதில் பாதிக்குத்தான் யாராவது பணம் தருவார்கள் என்பதை என் நோட்டு சொல்லிவிட்டது. ஆக 1,120 மணி. வகுத்தால் மணிக்குச் சுமார் 643 ரூபாய். நாற்பது மணி நேர வேலையைப் பன்னிரண்டாயிரத்துக்கு ஒப்புக்கொண்டால் மணிக்கு முந்நூறு ரூபாய்தான் வருகிறது. ராத்திரி இரண்டு மணி விளக்கின் ரகசியம் இதுதான். வரிக்கும் சேமிப்புக்கும் இன்னும் கொஞ்சம் கூட்டவேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். "வீட்டில்தானே இருக்கே" என்று சிலிண்டர் வாங்கவும் பாங்க்குக்கும் அனுப்பாதீர்கள். டாம் டிமார்கோவும் டிமோதி லிஸ்டரும் 1987-இல் எழுதிய 'பீப்பிள்வேர்' என்ற நூலில், இந்த மாதிரி வேலையில் மனம் ஆழ்வதற்கே பதினைந்து நிமிடமாவது ஆகும் என்கிறார்கள். இரண்டு நிமிடக் கேள்விக்கு அந்தப் பதினைந்தையும் சேர்த்தே இழக்கிறோம். எங்கள் வீட்டில் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை கதவு சாத்தியிருக்கும், போனும் அடுத்த அறையில் இருக்கும். வாட்ஸ்அப்புக்குப் பதில் ஒரு மணிக்கும் ஆறு மணிக்கும்தான். ஆரம்பத்தில் வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

பணம் வசூலிக்கும் விஷயத்தில் சட்டம் நம் பக்கம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதாரையும் பான் எண்ணையும் கொடுத்துக் குறுந்தொழிலாகப் பதிவு செய்யலாம். கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் இடைத்தரகருடையது, ஏமாறாதீர்கள். வேலையைத் தொடங்கும் முன்பே பதிவு செய்து, எண்ணைப் பில்லில் அச்சடியுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் வேலையை ஏற்றுக்கொண்ட 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. மாநில வசதி மன்றத்துக்கு ஆன்லைனிலேயே புகார் அனுப்பலாம். அதோடு, 2023-24 கணக்காண்டு முதல், இப்படிக் காலம் கடத்திய தொகையைக் கொடுக்கும் வரை வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டருக்கு இதை நினைவூட்டி மரியாதையாக ஒரு கடிதம் எழுதினால் போதும், பல பழைய பில்கள் பைசலாகிவிடுகின்றன. நான் இதுவரை மன்றத்துக்குப் போனதில்லை. கடிதமே வேலை செய்திருக்கிறது.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. நம் மகாராஷ்டிரத்தில் சேவைத் தொழிலின் வருடாந்தர வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வருமான வரியில், தகவல் தொழில்நுட்பத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியை லாபமாகக் காட்டி, கணக்குப் புத்தகச் சுமையிலிருந்து விடுபடலாம். உங்கள் வேலை அந்த வகையில் அடங்குமா என்று ஆடிட்டரை ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனிகள் பிடித்தம் செய்த வரி உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கொரு முறை பாருங்கள்.

கடைசியாக, டொமைனை எப்போதும் வாடிக்கையாளர் பெயரிலேயே, அவர் ஈமெயிலிலேயே பதிவு செய்யுங்கள். உங்கள் பெயரில் வைத்துக்கொண்டால் பிடி இருப்பதுபோல் தோன்றும். புதுப்பிக்க மறந்தால் பழி உங்கள் தலையில்தான். அவர்களுக்கு வேண்டியது வருடப் பராமரிப்பு. நான் எல்லாப் பராமரிப்புக் கட்டணத்தையும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் வருமாறு ஒழுங்கு செய்துவிட்டேன். மழைக்காலத்தில் புது வேலை வராத மாதங்களிலும் வாடகை கட்ட முடிகிறது. அந்தச் சமையல் காண்ட்ராக்டரும் இப்போது அந்தப் பட்டியலில் இருக்கிறார். சம்மதம் சொல்லும் பெயர், அவர் மகளுடையது.

பந்தியில் கேட்ட அன்பரின் மகன் மறுநாளே போன் செய்தான். ஒரு மாதம் நோட்டில் குறித்துக்கொண்டு, அதோடு வா என்று சொல்லியிருக்கிறேன்.