பதினெட்டு வருடக் காத்திருப்பும் ஐந்து மாதக் கடவுச்சீட்டும்

டோஹாவில் குளிரூட்டி திருத்தும் வேலை செய்யும் பருத்தித்துறைக்காரர் ஒருவருக்குக் கடந்த வருடம் ஒரு மின்னஞ்சல் வந்தது. அமெரிக்கப் பிரஜையான அவருடைய அக்கா 2007இல் அவருக்காகப் போட்ட குடும்ப மனு, ஒருவழியாக நேர்முகத்தேர்வுக் கட்டத்தை எட்டப்போகிறது என்ற செய்தி அது. மனுப் போட்டபோது ஐந்து வயதாக இருந்த மகளுக்கு இப்போது இருபத்துமூன்று. மனைவியும் பிள்ளைகள் இருவரும் ஊரில். அவருடைய கடவுச்சீட்டில் மிச்சம் இருந்தது ஐந்து மாதம்.

"பதினெட்டு வருஷம் பொறுத்தனான். கடைசியில இந்தப் பாஸ்போட்டாலயோ நிக்கப்போகுது?" என்று தொலைபேசியில் கேட்டார்.

அவருடைய கேள்வி பலருடைய கேள்வியும்தான். அமெரிக்கப் பிரஜைகளின் சகோதரர்களுக்கான பிரிவு, குடும்பப் பிரிவுகளிலேயே மிக நீண்ட வரிசை கொண்டது. பத்து வருடங்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும் இலங்கைக் கடவுச்சீட்டு இந்த வரிசையில் நிற்கும்போதே ஒரு தடவை, சில சமயம் இரண்டு தடவை காலாவதியாகிவிடுகிறது. அழைப்பு வந்த பிறகுதான் பலர் அதைத் திறந்து திகதியைப் பார்க்கிறார்கள்.

அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் அறிவுறுத்தல்படி, அந்நாட்டுக்குள் நுழைய உத்தேசித்திருக்கும் நாளுக்குப் பின்னும் ஆறு மாதங்களாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும். குடிவரவு வீசா பொதுவாக ஆறு மாதத்துக்கு வழங்கப்படும். மருத்துவப் பரிசோதனை அதற்கு முன் காலாவதியானால் வீசாவின் காலமும் குறையும். வீசா கிடைத்து, கடைசி மாதத்தில்தான் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், நேர்முகத்தேர்வு நாளில் கையில் இருக்கும் கடவுச்சீட்டுக்கு ஒரு வருடமாவது ஆயுள் இருப்பது நல்லது. அதற்குக் குறைவாக இருந்தால் யோசிக்காமல் புதிதாக எடுத்துவிடுவதே புத்தி.

எங்கே எடுப்பது? 'புதுப்பித்தல்' என்று நாம் சொன்னாலும் பழைய கடவுச்சீட்டில் திகதியை நீட்டித் தருவதில்லை. புதிய இலக்கத்துடன் புதிய கடவுச்சீட்டுத்தான் வரும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அல்லது உயர்ஸ்தானிகராலயத்தில் 'கே 35 ஏ' விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, தற்போதைய கடவுச்சீட்டு, அந்த நாட்டின் வதிவிட அனுமதி ஆகியவற்றின் மூலமும் பிரதியும் தேவை. கைவிரல் அடையாளமும் எடுப்பார்கள். ஆனால் தூதரகம் அதை அச்சடித்துத் தருவதில்லை. விண்ணப்பம் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போய், அங்கே அச்சாகித் திரும்பி வரவேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். 2024இல் வெற்றுக் கடவுச்சீட்டுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, பத்தரமுல்லையில் இரவிரவாக மக்கள் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். தூதரகம் ஊடாக விண்ணப்பித்தவர்களும் அந்தக் காலத்தில் காத்துக்கிடந்தார்கள்.

ஒருநாள் சேவை இலங்கைக்குள் மட்டுமே உண்டு. எனவே எப்படியும் நேர்முகத்தேர்வுக்குக் கொழும்பு வரத்தான் போகிறீர்கள் என்றால், சில வாரங்கள் முன்கூட்டி வந்து இங்கேயே எடுப்பது பலருக்குச் சுலபம். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்ட பிறகு வடக்கில் இருப்பவர்களுக்கு வவுனியாவுக்கோ கொழும்புக்கோ ஓடும் வேலையும் குறைந்திருக்கிறது. ஆனால் லீவு எடுக்க முடியாத வேலையில் இருப்பவர், வளைகுடாவில் கடவுச்சீட்டு காலாவதியானால் வதிவிட அனுமதியையும் புதுப்பிக்க முடியாமல் போகும் என்பதை மனதில் வைத்து, அங்கேயே நேரத்தோடு கொடுத்துவிட வேண்டும். முதலாளி கடவுச்சீட்டை வைத்திருக்கிறார் என்ற பேச்சு இன்னமும் கேட்கிறது. கட்டாரில் 2015ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டப்பணத்துக்குரிய குற்றம். கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

வீசா விண்ணப்பமான 'டி.எஸ்-260'இல் பழைய கடவுச்சீட்டு இலக்கத்தைப் போட்டு அனுப்பிவிட்டோமே என்று பலர் பதறுகிறார்கள். பதறத் தேவையில்லை. நேர்முகத்தேர்வின்போது பழையதையும் புதியதையும் சேர்த்துக் கொண்டுபோய், இலக்கம் மாறியதைச் சொன்னால் அதிகாரி திருத்திக்கொள்வார். புதிய கடவுச்சீட்டு எடுக்கும்போது பெயரின் எழுத்தை மாற்றுவதுதான் உண்மையான வில்லங்கம். எண்சாத்திரக்காரர் சொன்னார் என்று ஒரு 'ஏ' கூட்டுவதும், கணவரின் பெயரைப் புதிதாகச் சேர்ப்பதும் இந்த நேரத்தில் வேண்டாம்.

பெயர் என்ற பெரிய தலையிடி

இலங்கைத் தமிழரின் கோப்புகள் தடுமாறும் முதல் இடம் பெயர்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் முன்னால் வரும். அமெரிக்கப் படிவமோ குடும்பப் பெயர் வேறு, இடப்பட்ட பெயர் வேறு என்று கேட்கும். போதாததற்கு எழுத்துக்கூட்டல். கந்தசாமி என்ற ஒரே மனிதர் ஒரு பத்திரத்தில் 'டி' போட்டு எழுதப்பட்டிருப்பார். இன்னொன்றில் 'ரி எச்' போட்டு. அக்காவின் அமெரிக்கப் பிரஜாவுரிமைப் பத்திரத்தில் கடைசியில் 'ஐ'. தம்பியின் கடவுச்சீட்டில் 'வை'. கொழும்பு ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையின் பதிவு சிங்களத்தில் இருந்தால், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது மூன்றாவது உருவமும் எடுக்கும்.

சகோதரர் மனுவில் இது சின்ன விடயமல்ல. அக்காவும் தம்பியும் உடன்பிறந்தவர்கள் என்பதற்கு அடிப்படைச் சான்று இருவருடைய பிறப்புச் சான்றிதழ்களிலும் உள்ள பெற்றோரின் பெயர்தான். அக்காவின் சான்றிதழை 2007இல் ஒருவர் மொழிபெயர்த்தார், தம்பியுடையதை இப்போது இன்னொருவர் மொழிபெயர்க்கிறார், தமிழில் ஒன்றாக இருந்த தகப்பன் ஆங்கிலத்தில் இரண்டு பேராகிவிடுகிறார். பழைய மொழிபெயர்ப்பின் பிரதியை அக்காவிடம் கேட்டு வாங்கி, அதை முன்னால் வைத்துக்கொண்டே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் புதியதைச் செய்விக்க வேண்டும். அதற்கு மேலும் வித்தியாசம் இருந்தால், இருவரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளலாம். 'டி.எஸ்-260'இல் வேறு பெயர்கள் பாவித்ததுண்டா என்ற கேள்விக்கு, இப்படிப் பத்திரங்களில் உள்ள எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

இடப்பெயர்வில் பத்திரங்களை இழந்தவர்கள் பிரதேச செயலகத்தில் சான்றுப்படுத்திய பிரதி பெறலாம். பிறந்து பல வருடங்களுக்குப் பிறகு பதிந்த சான்றிதழாக இருந்தால் அது மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். பாடசாலை அனுமதிப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு போன்ற பழைய ஆவணம் ஏதாவது துணைக்கு இருக்க வேண்டும்.

பொலிஸ் சான்றிதழ் விடயத்தில் கணக்கு இதுதான்: பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள், தமது சொந்த நாட்டிலும் இப்போது வசிக்கும் நாட்டிலும் ஆறு மாதத்துக்கு மேல் இருந்திருந்தால் அங்கிருந்து பெறவேண்டும். வேறு நாடொன்றில் ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டிலிருந்தும் வேண்டும். பத்து வருடத்துக்கு முன் சவூதியில் இரண்டு வருடம் சாரதி வேலை பார்த்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கட்டாரில் இருப்பவர் அங்கிருந்து புறப்படுமுன்பே எடுத்துவிட வேண்டும். வதிவிட அனுமதி முடிந்து ஊருக்கு வந்தபின் இங்கிருந்து எடுப்பது இரட்டிப்பு அலைச்சல். சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும் என்பதால் முந்திவிட்டோம் என்ற கவலையும் இல்லை.

மகளின் வயது

டோஹாக்காரரின் இரண்டாவது பயம் மகளைப் பற்றியது. பெற்றோருடன் சேர்ந்து போகும் பிள்ளை 21 வயதுக்குக் குறைந்தவராக, திருமணமாகாதவராக இருக்க வேண்டும். 'இருபத்தொன்று தாண்டிவிட்டது, இனிச் சரிவராது' என்று ஒரு ஏஜென்சிக்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அது அவ்வளவு நேரடியான விடயமல்ல.

2002இல் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் நிலைப் பாதுகாப்புச் சட்டம், மனு அரசாங்கத்தின் மேசையில் கிடந்த காலத்தைப் பிள்ளையின் வயதிலிருந்து கழிக்க இடம் தருகிறது. மனுப் போட்ட நாளிலிருந்து அது அங்கீகரிக்கப்பட்ட நாள் வரையான காலம் மட்டுமே கழிபடும். அதன்பிறகு வரிசையில் நின்ற காலம் கழிபடாது. அக்காவின் மனு 2007இல் போடப்பட்டு 2011இல்தான் அங்கீகரிக்கப்பட்டது, ஏறக்குறைய நான்கு வருடம். வீசா இலக்கம் கிடைக்கும் நிலை வந்தபோது மகளுக்கு 23. நான்கைக் கழித்தால் 19. சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் பிள்ளைதான். இதே மனு ஒரு வருடத்திலேயே அங்கீகரிக்கப்பட்டிருந்தால் 22 ஆகி, அவர் வெளியே நின்றிருப்பார். அதிகாரிகளின் தாமதம் இங்கே பிள்ளைக்கு நன்மையாக முடிந்திருக்கிறது.

இரண்டு நிபந்தனைகள் உண்டு. வீசா இலக்கம் கிடைக்கும் நிலை வந்த ஒரு வருடத்துக்குள், கட்டணம் செலுத்துவது அல்லது 'டி.எஸ்-260' சமர்ப்பிப்பது போன்ற ஒரு நடவடிக்கையைப் பிள்ளையின் பெயரில் எடுத்திருக்க வேண்டும். மற்றது, அமெரிக்காவுக்குள் நுழையும்வரை திருமணம் கூடாது. நல்ல இடத்தில் சம்பந்தம் வந்தது என்று அவசரமாகப் பதிவுத் திருமணத்தை முடித்து, அதனாலேயே வாய்ப்பை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கலியாணம் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கட்டும்.

கேட்கப்படும் கேள்வி

2025 நவம்பர் முதல் குடிவரவு வீசா நேர்முகத்தேர்வு, வசிக்கும் நாட்டில் அல்லது பிரஜாவுரிமையுள்ள நாட்டில் நடக்கும் என்பதே பொது விதி. குடும்பம் ஊரில் இருப்பதால் அவர் கொழும்பைத் தெரிவு செய்தார். அதற்கு முன் தூதரகம் குறித்துக்கொடுக்கும் கொழும்பு மருத்துவ நிலையத்தில் பரிசோதனை. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு நெஞ்சு எக்ஸ்ரே, இரண்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் காசநோய்க்கான இரத்தப் பரிசோதனை. எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனை முடிய இரண்டு மாதத்துக்கு மேல் எடுக்கும். ஆகவே லீவு எடுத்து வருகிறவர்கள் பரிசோதனையைக் கடைசிக் கிழமைக்கு வைக்கக்கூடாது. பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவேட்டையும் தேடி எடுத்து வையுங்கள்.

தூதரகத்தில் கைவிரல் அடையாளம் எடுத்து, வலது கையை உயர்த்தி உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்விப்பார்கள். ஆங்கிலம் தெரியாதவர் தமிழில் பதில் சொல்லலாம். அக்கா எங்கே இருக்கிறார், என்ன வேலை, கடைசியாக எப்போது கண்டீர்கள், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் சாதாரணக் கேள்விகள். மனப்பாடம் செய்து போவோர்தான் அதில் தடுமாறுகிறார்கள். அக்காவின் வருமானம், அந்நாட்டின் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். போதாவிட்டால் வேறொருவர் இணைப் பொறுப்பாளராகக் கையெழுத்திடலாம்.

வடக்கு கிழக்கில் வாழ்ந்தவர்களுக்கு இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. தமிழீழ விடுதலைப் புலிகள் அமைப்பை அமெரிக்கா 1997 ஒக்டோபரில் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. இயக்கத்தில் இருந்தீர்களா, பயிற்சி எடுத்தீர்களா, உதவி செய்தீர்களா என்று படிவமும் கேட்கும், அதிகாரியும் கேட்பார். அமெரிக்கச் சட்டத்தில் 'பொருள் உதவி' என்பதன் எல்லை மிக அகலமானது. சாப்பாடு கொடுத்தது, வரி கட்டியது, வாகனத்தில் ஏற்றிச் சென்றதுகூட அதற்குள் வரலாம். இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த இடத்தில் வாழ்ந்த சனத்துக்கு இதில் எதைத் தவிர்க்க முடிந்தது என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. பலவந்தத்தின் கீழ் செய்த உதவிக்கு விலக்களிக்கும் அதிகாரம் 2007இலிருந்து பாவனையில் இருக்கிறது. ஆனால் அந்தப் பரிசீலனை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இழுபடும்.

அதற்குப் பயந்து 'ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கோ' என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. அந்த அறிவுரை உங்களை முழுதாக மூழ்கடிக்கக்கூடியது. முக்கியமான விடயத்தில் பொய் சொன்னதாக அதிகாரி முடிவெடுத்தால், அந்தத் தடை வாழ்நாள் முழுவதும் தொடரும். அதற்கு மன்னிப்புக் கோரக்கூட, அமெரிக்கப் பிரஜையாக அல்லது நிரந்தர வதிவாளராக உள்ள வாழ்க்கைத்துணையோ பெற்றோரோ இருக்க வேண்டும். அக்கா அந்தக் கணக்கில் வரமாட்டார். உண்மையில் சொல்ல ஏதாவது இருப்பவர்கள், நேர்முகத்தேர்வுக்கு முன்பே அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் முழுதையும் சொல்லி ஆலோசனை பெறுவது செலவானாலும் அவசியம்.

ஆவணம் ஏதாவது குறைந்தால் '221(ஜி)' என்று குறிப்பிட்ட தாள் ஒன்றைக் கையில் தருவார்கள். அதில் மறுப்பு என்று இருப்பதைப் பார்த்து மனம் உடையத் தேவையில்லை. கேட்டதை ஒரு வருடத்துக்குள் கொடுத்தால் கோப்பு மீண்டும் நகரும்.

டோஹாக்காரர் கடைசியில் ஒரு மாத லீவில் வந்து யாழ்ப்பாணத்தில் விண்ணப்பித்துப் புதிய கடவுச்சீட்டை எடுத்தார். தகப்பனின் பெயரில் ஒரு எழுத்து வித்தியாசத்துக்காக அவருக்கும் அந்தத் தாள்தான் கிடைத்தது. அக்காவின் பழைய மொழிபெயர்ப்பைத் தேடி, சத்தியக்கடதாசியோடு அனுப்பியிருக்கிறார். மகள் தினமும் தூதரக இணையத்தளத்தில் கோப்பின் நிலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.