தீக்குச்சி அடுக்கும் கட்டை
மரம், இரும்பு. சிவகாசி வட்டாரம்.

நெடுக வரிசையாகப் பள்ளம் வெட்டிய மெல்லிய மரச்சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்வதைப் பாருங்கள். பள்ளத்துக்கு ஒரு குச்சி வைத்து, அடுத்த சட்டத்தை மேலே இறக்க வேண்டும். கட்டை நிறைந்ததும் இறுக்கினால், குச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் ஒரே மட்டமாகத் தலைநீட்டி நிற்கும். அந்த முனைகளை முதலில் சூடான மெழுகில் தோய்ப்பார்கள். பிறகு பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்துப் பசையில். மருந்தில் பற்றும் தீயை மரத்துக்குக் கொண்டுசேர்ப்பது மெழுகுதான்.

குச்சிக்கு மட்டி போன்ற மென்மரமே தோது. கேரளத்திலிருந்து இத்தகைய மரம் சிவகாசிக்கு வருகிறது. பட்டை நீக்கிய உருளையை இயந்திரத்தில் சுழலவிட்டு நீளக் கத்தியை அணைத்தால், மரம் பாயைப் போல விரிந்து உரிந்து வரும். அந்தத் தகடுகளை அடுக்கி வெட்டினால் சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள குச்சிகள் கிடைக்கும்.

பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தயாரிப்பைத் தொடங்கினர். மழை பொய்த்த கரிசல் ஊர்களில் கட்டை அடுக்குவது கூலிக்கு வழியானது. பெண்களோடு பிள்ளைகளும் அடுக்கினார்கள். தீப்பெட்டித் தொழிலில் 14 வயது நிறையாதவர்களை வேலைக்கு வைக்க 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது.

முழுத் தானியங்கி இயந்திரங்களில் துளையிட்ட உலோகத் தகடுகளே குச்சிகளைப் பிடித்துக்கொள்கின்றன. அங்கே இந்தக் கட்டைக்கு வேலையில்லை.