உடல் மெலிவிக்கும் மருந்துகளும் பிரமுகர்களின் பெயரும்

உடற்பருமனைக் குறைப்பதாகக் கூறும் மாத்திரை, தூள், தேயிலை முதலியவற்றின் விளம்பரங்கள் இன்று கைபேசி வழியாகச் சிற்றூர்களையும் எட்டிவிட்டன. இவற்றுட் பலவற்றில், மக்கள் நன்கறிந்த விளையாட்டு வீரர், நடிகர் அல்லது மருத்துவர் ஒருவரின் முகமும் குரலும் இடம்பெறுகின்றன. அப்பிரமுகருக்கும் அப்பொருளுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பது பின்னரே வெளிப்படுகிறது. இம்மோசடியில் பணத்துடன் உடல்நலமும் பறிபோகக்கூடுமாதலின், மக்களோடு நேரிற் பழகும் களப்பணியாளரும் ஆசிரியரும் இதன் தன்மையை அறிந்திருத்தல் அவசியமாகும்.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில், தமது பெயரும் படமும் குரலும் அனுமதியின்றி விளம்பரங்களிற் பயன்படுத்தப்படுவதாகக் கிரிக்கெட் வீரர் சச்சின் தெண்டுல்கர் தரப்பில் மும்பைப் போலீசாரிடம் புகார் செய்யப்பட்டது. உடற்கொழுப்பைக் குறைப்பதாகக் கூறப்பட்ட பொருளும் அவ்விளம்பரங்களில் அடங்கும். 2024இல், இருதய அறுவை மருத்துவர் தேவி ஷெட்டியின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திய போலிக் காட்சிகளுக்குத் தில்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

இக்காட்சிகளை உண்டாக்கும் முறை கடினமன்று. பிரமுகர் முன்னர் அளித்த பேட்டி ஒன்றை எடுத்துக்கொள்கின்றனர். அவரது குரலின் சிறு பதிவைக் கொண்டு கணிப்பொறி அக்குரலைப் போலவே பேசக் கற்கிறது. பின்னர், புதிய சொற்களுக்கேற்ப உதட்டசைவும் மாற்றப்படுகிறது. தொடக்கத்தில், உதடும் ஒலியும் பொருந்தாமையைக் கொண்டு போலியைக் கண்டறிய முடிந்தது. நாளடைவில் இக்குறைகள் மறைந்து வருகின்றன. ஆகவே முகத்தை ஆராய்வதைவிட, அம்முகம் கூறும் செய்தியை ஆராய்வதே நம்பத்தக்க வழியாகும்.

இதற்கு எளிய கணக்கொன்று போதும். உடலில் சேர்ந்துள்ள கொழுப்பில் 1 கிலோ கரைய வேண்டுமாயின், ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். “15 நாட்களில் 10 கிலோ” என்ற விளம்பரம் மெய்யாக வேண்டுமாயின், 77,000 கலோரி, அதாவது நாளொன்றுக்கு 5,100 கலோரிக்கு மேல், உணவால் ஈடு செய்யப்படாமற் செலவாதல் வேண்டும். சாதாரண வேலை செய்யும் வயது வந்தவர் ஒருவர் நாள் முழுவதும் செலவிடுவதோ சுமார் 2,000 முதல் 2,500 கலோரி வரைதான். அவர் 15 நாட்களும் ஒரு பருக்கையும் உண்ணாதிருந்தாலும் 5 கிலோ கொழுப்புக்கு மேற் கரையாது. எடை விரைவாகக் குறைந்ததாகத் தோன்றினால், குறைந்ததிற் பெரும்பகுதி நீரேயாகும். நீர் அருந்தியதும் அவ்வெடை திரும்பிவிடும்.

சில பொருள்கள் உண்மையிலேயே பசியை அடக்குகின்றனவே எனச் சிலர் வினவக்கூடும். அத்தகைய பொருள்களே பெரிதும் அஞ்சத்தக்கவை. சிபுட்ராமின் என்னும் மருந்து பசியைக் குறைக்கும். ஆயினும் இருதய நோயுள்ளோரிடம் மாரடைப்பும் பக்கவாதமும் ஏற்படும் அபாயத்தை அது மிகுவிப்பதாகக் கண்டறியப்பட்டமையால், இந்தியாவில் 2011இல் தடை செய்யப்பட்டது. அதன் பின்னரும், “மூலிகை” என்று மட்டும் அச்சிடப்பட்ட மெலிவுப் பொருள்களில் இம்மருந்து மறைவாகக் கலக்கப்பட்டிருந்ததை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பலமுறை கண்டறிந்துள்ளது. உண்பவர் தாம் எதை உண்கிறோம் என அறியார். சிகிச்சை செய்யும் மருத்துவரும் அறிய வழியில்லை.

சட்டப் பாதுகாப்பையும் அறிதல் நலம். உடற்பருமனுக்கு மருந்தென்று பொதுமக்களிடையே விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடை செய்கிறது. உணவுப் பொருள் பற்றித் தவறான விளம்பரம் செய்வோர்க்கு, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இச்சட்டத்தை நிறைவேற்றும் ஆணையத்தின் கிழக்கு மண்டல அலுவலகம் கல்கத்தாவை அடுத்த சால்ட் லேக்கில், 5ஆம் செக்டாரில் உள்ளது. தொலைபேசி வழியே மக்களை ஏமாற்றிய போலி நிலையங்கள் பலவற்றைப் பிதான்நகர்ப் போலீசார் கண்டுபிடித்ததும் இதே செக்டாரில்தான். அலுவலகங்கள் நிறைந்த நகரின் முகவரியோ, மரியாதையாகப் பேசும் குரலோ நேர்மைக்குச் சான்றாகாது என்பதை இது உணர்த்தும்.

பொருள் கைக்கு வந்தபின் அதன் மேலுறையைப் பரிசோதிக்கலாம். முறையான ஊட்டப் பொருளின் உறையில் 14 இலக்க உரிம எண்ணும், “மருத்துவ உபயோகத்திற்கன்று” என்னும் பொருள்பட்ட ஆங்கில வாசகமும் இருத்தல் வேண்டும். உரிம எண் மெய்யானதா என்பதை ஆணையத்தின் இணையதளத்திற் சரிபார்க்கலாம். எண் மெய்யாயினும் அது தயாரிப்பாளருக்கு உரிமம் உண்டு என்பதையே காட்டும். பொருள் உடலை மெலிவிக்கும் என்பதற்கு அது சான்றன்று. உடற்பருமனுக்கு ஏற்கப்பட்ட மருந்துகளும் இல்லாமலில்லை. 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டிர்செபடைடு அவற்றுள் ஒன்று; அதுவும் மருத்துவர் சீட்டின்பேரிலேயே கிடைக்கும், பல மாதங்களிலேயே பயன் தரும்.

களப்பணியாளர் கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. இத்தகைய பொருளை உண்பவர் பெரும்பாலும் வெட்கத்தால் அதனை மறைப்பார். படபடப்பு, உறக்கமின்மை, நாவறட்சி, இரத்த அழுத்த உயர்வு ஆகியவற்றைக் கண்டால், மெலிவதற்கென ஏதேனும் உட்கொள்கிறாரா எனக் கடிந்துகொள்ளாமல் விசாரித்தல் வேண்டும். எஞ்சிய மாத்திரைகளை எறிந்துவிடாமல், உறையுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு எடுத்துச் செல்லச் செய்தல் வேண்டும். பணம் இழந்தோர் தாமதமின்றி 1930 என்னும் எண்ணில் தெரிவித்தல் வேண்டும்.

ஆசிரியர்கள், மேற்கூறிய கலோரிக் கணக்கை மாணவர் தாமே போட்டுப் பார்க்கும்படி செய்யலாம். பெருக்கலும் வகுத்தலும் அறிந்த மாணவர், எத்துணைப் பெரிய பிரமுகரின் முகத்தோடு வந்தாலும், பொய்யான எண்ணை இனங்கண்டுகொள்வர்.